நிலத்தைப் பாடமாக்கிய வரலாறு

மருத்துவம், பொறியியல், சட்டம், கணக்கு ஆகிய படிப்புகளை நம்மவர் நன்கறிவர். தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளை ஒன்று இருக்குமாயின், அவ்வீட்டில் இந்நான்கு சொற்களும் நாள்தோறும் ஒலிக்கும். ஆனால், ஒரு நிலத்தை எடுத்துக்கொண்டு, அதன் மேடு பள்ளங்களை அளந்து, மண்ணையும் நீரையும் மரத்தையும் அங்கு நடமாடும் மனிதரையும் ஒருங்கே எண்ணி, அதனை வாழ்வதற்கேற்ற இடமாகத் திருத்தியமைக்கக் கற்பிக்கும் படிப்பொன்று பல்கலைக்கழகங்களில் இருக்கிறது என்பதை அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே. மாசி மாதத்து இளவெயிலில் புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு தலைநகரின் பூங்காக்களுக்குச் செல்லும் நாம், அப்பூங்காக்களுக்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு கல்வி வரலாறு இருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆங்கிலத்தில் ‘லாண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்’ எனப்படும் இத்துறையை நாம் இக்கட்டுரையில் ‘நில அமைப்புக் கலை’ என்று வழங்குவோம். சொன்ன மாத்திரத்தில், ‘தோட்ட வேலைக்கு ஒரு பட்டமா?’ என்று கேட்பார் உளர். அவ்வினாவைக் குறை கூறுவதற்கில்லை. தம்மை வெறும் தோட்டக்காரர் என்று பிறர் எண்ணுவதைக் குறித்து இத்துறையின் முன்னோடிகளே வருந்தியதுண்டு. எனவே, இக்கல்வி எவ்வாறு பிறந்தது, எவரை உள்ளே விட்டது, எவரை வாயிலில் நிறுத்தியது, எவ்வழியாகத் தில்லிக்கு வந்தது என்பவற்றை முறையாகக் காண்பது பயனுடையதாகும்.

பட்டம் பெறாத முன்னோடி

இத்துறையின் தந்தை எனப் போற்றப்படும் பிரெடரிக் லா ஓம்ஸ்டெட் எந்தக் கல்லூரியிலும் பட்டம் பெற்றவரல்லர். 1822இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் பிறந்த அவர், இளமையில் சீனம் வரை கப்பலில் பணிபுரிந்து சென்றார். திரும்பி வந்து உழவு செய்தார். செய்தித்தாளுக்குப் பயணக் கட்டுரைகள் எழுதினார். 1850இல் இங்கிலாந்து சென்றபோது பர்க்கன்ஹெட் என்னும் ஊரில் பொதுப் பணத்தில் அமைந்த பூங்கா ஒன்றைக் கண்டார். செல்வரும் எளியோரும் ஒரே புல்வெளியில் உலவிய அக்காட்சி அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

1857இல் நியூயார்க் நகரின் நடுவே பெரியதொரு பூங்கா அமைக்கும் பணியில் மேற்பார்வையாளராக அவர் அமர்ந்தார். மறு ஆண்டு நடந்த வரைபடப் போட்டியில், கால்வர்ட் வோக்ஸ் என்னும் கட்டடக் கலைஞரோடு சேர்ந்து அவர் அளித்த திட்டமே வென்றது. 843 ஏக்கர் பரப்புள்ள சென்ட்ரல் பார்க் அவ்வாறு உருவாயிற்று. சதுப்பும் பாறையும் நிறைந்திருந்த அந்நிலத்தில் குழாய்கள் புதைத்து நீரை வடித்தனர்; வெளியிலிருந்து மண் கொணர்ந்து நிரப்பினர்; ஏரிகளைத் தோண்டினர். பூங்காவைக் குறுக்கே கடக்கும் நான்கு சாலைகளைத் தரைமட்டத்திற்குக் கீழே தாழ்த்தி அமைத்தமையால், வண்டிகளின் ஓட்டம் உலாவுவோர் கண்ணில் படாது மறைந்தது. இன்று அங்குச் செல்வோர் அனைத்தையும் இயற்கை என்றே எண்ணுவர். அங்குள்ள ஏரிகளோ மனிதர் அமைத்தவை.

இவ்வெற்றியின் அடியில் ஒரு துயரமும் உண்டு. அந்நிலம் ஆளற்ற வெறுநிலமாக இருக்கவில்லை. 82ஆம் தெருவுக்கும் 89ஆம் தெருவுக்கும் இடையே செனகா வில்லேஜ் என்றொரு குடியிருப்பு இருந்தது. 1825 முதல் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் அங்கு மனை வாங்கி வீடு கட்டி வாழ்ந்தனர். பின்னர் ஐரிஷ் மக்கள் சிலரும் வந்து சேர்ந்தனர். தேவாலயங்களும் ஒரு பள்ளியும் இருந்தன. கறுப்பின ஆடவர் வாக்களிக்க வேண்டுமாயின் 250 டாலர் மதிப்புள்ள நிலம் உடையவராக இருக்க வேண்டும் என்பது அக்காலத்து நியூயார்க்கின் விதி. ஆகவே அவர்களுக்கு மனை என்பது உறைவிடம் மட்டுமன்று, குடியுரிமையின் அடையாளமுமாகும். 1857இல் நகராட்சி இழப்பீடு கொடுத்து, அக்குடியிருப்பில் வாழ்ந்த ஏறத்தாழ 225 பேரையும், பூங்கா நிலம் முழுவதும் வாழ்ந்த ஏறத்தாழ 1,600 பேரையும் வெளியேற்றியது. அதன்பின் நூறாண்டுக்கு மேலாக அவ்வூரின் பெயரை நினைப்பாரும் இல்லை. 2011இல் நடந்த அகழாய்வில் அவர்கள் புழங்கிய பொருள்கள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. அழகிய நிலத்தை அமைக்கும் கலை, அந்நிலத்தில் முன்பு எவர் இருந்தார் என்பதைக் கேளாமலே பிறந்தது என்பதை நாம் மனத்திற்கொள்ள வேண்டும். இவ்வினா இவ்வரலாறு நெடுகிலும் நம்மைத் தொடர்ந்து வரும்.

மகனை இழந்த தந்தை

ஓம்ஸ்டெட்டின் அலுவலகத்தில் பயிற்சி பெற்றுப் பின்னர் அவருக்குப் பங்காளியாக உயர்ந்தவர் சார்லஸ் எலியட். அவர் தந்தையார், சார்லஸ் வில்லியம் எலியட், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராக 1869 முதல் 1909 வரை 40 ஆண்டுகள் விளங்கியவர். இளைய எலியட் பாஸ்டன் நகரைச் சுற்றியிருந்த ஆற்றங்கரைகளையும் கடற்கரையையும் குன்றுகளையும் மக்களுக்குரிய பொது இடங்களாகக் காக்கப் பாடுபட்டார். அழகிய இடங்களை மக்கள் நலனுக்காகப் பேணும் அறக்கட்டளை ஒன்று 1891இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அவர் முயற்சியால் தோன்றியது. ஆயினும், 1897இல் மூளைக்காய்ச்சலால் தம் 37ஆம் வயதிலேயே அவர் மறைந்தார்.

மகனின் தாள்களையும் கடிதங்களையும் தொகுத்துத் தந்தையே அவர் வரலாற்றை நூலாக எழுதி 1902இல் வெளியிட்டார். அதற்கு முன்பே, 1900ஆம் ஆண்டில், நில அமைப்புக் கலைக்கெனத் தனிப் பாடத்திட்டம் ஹார்வர்டில் தொடங்கப்பெற்றது. ஓம்ஸ்டெட்டின் மகனும், பெயரால் தந்தையை ஒத்தவருமான இளைய ஓம்ஸ்டெட் அதனை முன்னின்று அமைத்தார். 1903இல் சார்லஸ் எலியட்டின் பெயரால் பேராசிரியர் இருக்கை ஒன்று நிறுவப்பட, அதில் முதலில் அமர்ந்தவரும் அவரே. ஒரு தந்தை மகனை இழந்த துயரும், ஒரு மகன் தந்தையின் கலையைப் பேணிய கடமையும் ஒருங்கே சேர்ந்து இக்கல்விக்கு வித்திட்டன எனலாம்.

பயிற்சிக்கும் பாடத்திற்கும் உள்ள வேறுபாடு ஈண்டு நோக்கற்பாலது. பயிலுநர் ஒருவர் குருவின் அலுவலகத்தில் அமர்ந்து கற்கும்போது, குருவுக்குத் தெரிந்தது மட்டுமே அவருக்குக் கிட்டும். பல்கலைக்கழகத்திலோ வரைகலை, நில அளவை, மண்ணியல், தாவரவியல், கட்டடக் கலை ஆகியவற்றை அவ்வவற்றில் வல்லாரிடமே கேட்கலாம். சம உயரக் கோடுகள் வரைந்த படத்தைப் பார்த்த அளவில், மழைநீர் எத்திசையில் ஓடும், எங்குத் தேங்கும், எவ்விடத்தில் மண்ணை வெட்டி எவ்விடத்தில் நிரப்ப வேண்டும் என்று கணக்கிடும் திறன் இக்கல்வியின் அரிச்சுவடி ஆயிற்று. மாணவன் தாளில் ஒரு கோட்டை நகர்த்தினால் நிலத்தில் நூறு வண்டி மண் நகர வேண்டும். ஆதலால் கோடு இழுக்குமுன் எண்ணிப் பார்க்கும் பொறுமையையும் இப்படிப்புப் புகட்டியது. 1909இல் நகரத் திட்டமிடல் பற்றிய பாடம் இத்துறையின் உள்ளிருந்தே கிளைத்தது. பூங்காவை அமைக்கக் கற்றவர், பூங்காவைச் சூழ்ந்த நகரையும் எண்ணத் தொடங்கினர்.

வாயிலில் நின்ற பெண்டிர்

1899இல் அமெரிக்க நில அமைப்புக் கலைஞர் கழகத்தை நிறுவிய 11 பேருள் ஒருவர் மட்டுமே பெண். பீட்ரிக்ஸ் ஃபாரண்ட் எனப் பின்னர்ப் புகழ்பெற்ற அவ்வம்மையார், பள்ளி ஏதும் இல்லாத அந்நாளில், ஹார்வர்டைச் சார்ந்த ஆர்னால்டு மரத்தோட்டத்தின் இயக்குநரிடம் தனியே பாடம் கேட்டவர். மறு ஆண்டே ஹார்வர்டில் பாடத்திட்டம் தொடங்கியபோதும், பெண்களுக்கு அங்கு இடமில்லை. கழகத்தை நிறுவும் தகுதி இருந்தது, வகுப்பில் அமரும் உரிமை இல்லை.

அடைத்த கதவின் முன் அவர்கள் வாளா நிற்கவில்லை. 1901இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குரோட்டன் என்னும் ஊரில், லோதார்ப் பள்ளி பெண்களுக்கெனவே தோன்றியது. 1915இல், இக்கலையைக் கற்க விரும்பியும் ஹார்வர்டில் இடம் பெற இயலாத பெண்களுக்கு, அப்பல்கலைக்கழகத்து ஆசிரியரான ஹென்றி அதர்ட்டன் ஃப்ராஸ்ட் தனியே கற்பிக்கத் தொடங்கினார். அச்சிறு வகுப்பு ‘கேம்பிரிட்ஜ் பள்ளி’ என வளர்ந்தது. கட்டடக் கலையையும் நில அமைப்பையும் ஒரே கூரையின் கீழ்க் கற்பித்தமை அதன் சிறப்பு. 1938இல் அது ஸ்மித் கல்லூரியின் பட்டமேற்படிப்புப் பள்ளியாயிற்று, 1942இல் மூடப்பட்டது. அதே 1942இல், போரின் காரணமாக ஆண் மாணவர் குறைந்துபோன வேளையில், ஹார்வர்டு தன் கதவைப் பெண்களுக்குத் திறந்தது. நெடுநாள் நியாயம் கேட்டும் திறவாத கதவை, காலியான இருக்கைகள் திறந்துவிட்டன.

மூன்று மாணவர்

1930களில் ஹார்வர்டில் இக்கலை ஒருவகை இறுக்கம் கொண்டிருந்தது. நேர் அச்சும் சமச்சீரும் அமைந்த செல்வர் மாளிகைத் தோட்டங்களே மாணவர் வரையவேண்டிய மாதிரிகளாயின. அயலில் கட்டடக் கலை புதுநெறியில் நடைபோடத் தொடங்கியிருந்தது. 1937இல் ஜெர்மானியரான வால்ட்டர் குரோப்பியஸ் அங்கு ஆசிரியராக வந்தார். இதனைக் கண்ட காரெட் எக்போ, டான் கைலி, ஜேம்ஸ் ரோஸ் என்னும் மாணவர் மூவர் பழைய பாடத்தை எதிர்த்தனர். பின் இருவரும் பட்டம் பெறாமலே வெளியேறினர். எக்போ 1938இல் பட்டம் பெற்றார். மூவரும் எழுதிய கட்டுரைகள் கட்டடக் கலை இதழ்களில் வெளிவந்து துறையையே அசைத்தன.

எக்போ படித்து முடித்தபின் செய்த பணியே நம் கவனத்திற்கு உரியது. அக்காலத்தில் ஓக்லஹோமா முதலிய மாநிலங்களில் மழை பொய்த்து, உழுத மண் புழுதிப் புயலாய்ப் பறந்தது. வாழ்வு இழந்த உழவர் குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு கலிஃபோர்னியாவின் பழத்தோட்டங்களுக்கும் பருத்திக் காடுகளுக்கும் கூலி வேலை தேடி வந்தன. அவர்களுக்கெனக் கூட்டரசு அமைத்த முகாம்களை வரைந்தோருள் எக்போவும் ஒருவர். மாளிகைத் தோட்டத்திற்குச் செலுத்தும் அதே கவனத்தை அவர் அம்முகாம்களுக்கும் செலுத்தினார். நிழல் தரும் மர வரிசைகள், காற்றைத் தடுக்கும் வேலிகள், குழந்தைகள் விளையாடும் திடல், மாலையில் மக்கள் கூடிப் பேசும் இடம் ஆகியவற்றை எண்ணி எண்ணி வரைந்தார். ஊர் விட்டு ஊர் வந்தவனுக்குக் கூரை மட்டும் போதாது, உட்கார ஒரு நிழலும் வேண்டும் என்பதை உணர்ந்த கல்வி அது. தொழில் தேடித் தில்லிக்கு வந்த நம் முன்னவர்க்கு இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

ஒளிபுகும் தாள்கள்

இக்கல்வி அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. 1919இல் நார்வே நாட்டின் ஓஸ் என்னும் ஊரிலுள்ள வேளாண் கல்லூரியிலும், 1930இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்திலும் இது பாடமாயிற்று. 1948இல் பல நாட்டுக் கலைஞரும் கேம்பிரிட்ஜில் கூடி உலகக் கூட்டமைப்பு ஒன்றை ஏற்படுத்தினர்.

அடுத்த பெருந்திருப்பம் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. ஸ்காட்லாந்தில் பிறந்த இயன் மக்ஹார்க் 1950களின் நடுவில் அங்கு இத்துறையைப் புதிதாக நிறுவினார். நிலத்தின் அழகை உணர்வதற்கு முன் அதன் இயல்பை அறிய வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆதலின் பாறையியல், நீரியல், மண்ணியல், தாவரவியல், மானிடவியல் அறிஞர்களைத் தம் துறைக்குள்ளேயே ஆசிரியராக அழைத்துக்கொண்டார்.

அவர் பரப்பிய முறை எளியது. கோப்புகளோடு பழகிய நம்மவர்க்கும் எளிதில் விளங்குவது. ஒரு நிலப்பகுதியின் சரிவு, மண், வெள்ளம் புகும் இடம், காடு, பழஞ்சின்னம், குடியிருப்பு ஆகிய ஒவ்வொன்றையும் ஒளிபுகும் தாளில் தனித்தனிப் படமாக வரைவது. கட்டடமோ சாலையோ வந்தால் எங்குக் கேடு மிகுமோ அங்குக் கருமை தீட்டுவது. கேடு குறைந்த இடத்தை வெளிறவிடுவது. பின்னர்த் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒளியில் பிடித்தால், எது கரிய இடம், எது வெளிறிய இடம் என்பது தானே தெரியும். வெளிறிய பாதையில் சாலை போகலாம். கரியதைத் தொடாதிருப்பதே நன்று. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் சாலை ஒன்றிற்கு வழி காண இம்முறையை அவர் கையாண்டார். படங்களை அடுக்கிப் பார்க்கும் வழக்கம் எலியட்டின் காலத்திலேயே இருந்ததுதான். அதனைத் தெளிந்த நெறியாக்கி, 1969இல் ‘இயற்கையோடு இயைந்த வடிவமைப்பு’ என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாக்கி, உலகறியச் செய்தவர் மக்ஹார்க். இன்று கணினித் திரையில் அடுக்கடுக்காக வரும் நிலப்படங்கள் இம்முறையின் வழித்தோன்றல்களே. அலுவலகக் கோப்பில் நிலம் என்பது ஓர் அளவெண்ணும் இத்தனை ஏக்கர் என்னும் குறிப்பும்தான். அந்த எண்ணின் அடியில் எத்தனை தாள்கள் அடுக்கப்பட வேண்டியிருக்கின்றன என்பதை இக்கல்வி காட்டியது.

தில்லிக்கு வந்த கல்வி

1911இல் தலைநகர் தில்லிக்கு மாறுவதாக அறிவிக்கப்பட்டபின், புது நகரின் சாலைகளுக்கு மரம் தேர்ந்தவரும், ஆட்சித் தலைவர் மாளிகைத் தோட்டத்தில் செடி நட்டவருமான முஸ்டோ, கியூ தோட்டத்தில் பயின்ற தோட்டக்கலை வல்லுநர். நில அமைப்புக் கலையைப் பாடமாகப் பயிற்றும் பல்கலைக்கழகம் எதுவும் அந்நாளில் இந்நாட்டில் இல்லை.

1936இல் லோதி மன்னர் கல்லறைகளைச் சூழ்ந்து பூங்கா ஒன்று திறக்கப்பட்டு, அன்றைய வைசிராயின் மனைவி பெயரால் ‘லேடி வில்லிங்டன் பூங்கா’ என வழங்கியது. அதற்கு இடம் தரும் பொருட்டு, அக்கல்லறைகளைச் சுற்றி வாழ்ந்த கைர்ப்பூர் என்னும் ஊர் அகற்றப்பட்டது. செனகா வில்லேஜின் கதை இங்கும் நிகழ்ந்ததை நாம் காண்கிறோம். விடுதலைக்குப் பின் அது லோதி தோட்டம் ஆயிற்று. 1968இல் அதனைத் திருத்தியமைத்தவர் இருவர். ஒருவர், அருகிலேயே இந்தியா இன்டர்நேஷனல் சென்டரைக் கட்டியவரும், 1952 முதல் இந்தியாவையே வாழ்விடமாகக் கொண்டவருமான ஜோசப் ஆலன் ஸ்டைன். மற்றவர், ஹார்வர்டில் பழம்பாடத்தை எதிர்த்தவரும், புலம்பெயர்ந்தோர் முகாமில் மரம் நட்டவருமான அதே காரெட் எக்போ. நம் குடும்பங்கள் ஞாயிறுதோறும் சமுக்காளம் விரித்து அமரும் அப்புல்வெளி, அம்மாணவரின் கை பட்ட நிலமாகும்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1972இல், தில்லியின் திட்டமிடல் மற்றும் கட்டடக் கலைப் பள்ளியில் நில அமைப்புக் கலைக்குப் பட்டமேற்படிப்புத் தொடங்கியது. 1941இல் தில்லி பாலிடெக்னிக்கின் ஒரு துறையாகத் தோன்றி, 1959இல் நகர்த் திட்டப் பள்ளியோடு இணைந்து, 1979இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது அந்நிறுவனம். அதுவரை இக்கலையைக் கற்க விரும்பிய இந்தியர் கடல் கடந்து செல்ல வேண்டியிருந்தது.

அங்குப் பல்லாண்டு ஆசிரியராகவும் துறைத் தலைவராகவும் விளங்கியவர் முகம்மது ஷஹீர். தில்லியில் கட்டடக் கலையும், இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நில அமைப்புக் கலையும் பயின்றவர் அவர். ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்தைப் பழைய வடிவில் மீட்கும் பணியில் அவர் பங்கு பெரிது. 2003இல் நிறைவெய்திய அப்பணியில், நீர்க்கால்வாய்களின் தரையை 40 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்னும் சரிவில் அமைத்தனர். கண்ணுக்குப் புலப்படாத அச்சரிவே நீரை ஓடச் செய்கிறது. அதனை அளந்து குறித்தவர் படித்தவர். கல்லைச் செதுக்கிப் பதித்தவரோ பட்டம் ஏதும் பெறாத கைவினைஞர். இருவரில் ஒருவர் தவறினும் நீர் நின்றுவிடும். இப்படிப்பிற்கும் கைத்தொழிலுக்கும் உள்ள உறவை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று நாம் அறிந்தவரையில் இல்லை.

அத்தோட்டத்தை அடுத்துள்ள சுந்தர் நர்சரியை 90 ஏக்கர் பூங்காவாக வடிவமைத்தவரும் அவரே. 2018 பிப்ரவரியில் அது மக்களுக்குத் திறக்கப்பட்டபோது காண அவர் இல்லை, 2015இலேயே மறைந்துவிட்டார். மரங்களை நடுபவர் பலருக்கும் நேர்வதே இது.

இரு பாலங்கள்

லோதி தோட்டத்தினுள் அட்புலா என்றொரு பழம்பாலம் உண்டு. அக்பர் காலத்ததாகிய அது, ஒருகாலத்தில் அங்கு ஓடிய நீரோடையைக் கடக்க எழுந்தது. நிஜாமுதீனுக்கு அப்பால், ஜஹாங்கீர் காலத்தில் கட்டப்பட்ட பாராபுல்லா என்னும் பாலம் இருக்கிறது. இப்பாலத்தின் பெயரையே இன்று தென்தில்லியின் பெருஞ்சாக்கடை ஒன்று தாங்கி நிற்கிறது. மழைநீரை யமுனைக்குக் கொண்டுசெல்ல இயற்கை வகுத்த வழிகள் கழிவுநீர்க் கால்வாய்களான கதையை இப்பாலங்கள் சொல்லாமற் சொல்கின்றன. 2023 ஜூலை 13இல் யமுனை 208.66 மீட்டர் வரை உயர்ந்து, 1978இன் பெருவெள்ளத்தையும் விஞ்சியபோது, ஆறு தன் பழைய இடத்தைத் தேடி வந்ததைத் தலைநகரே கண்டது.

அப்பாராபுல்லாக் கால்வாயின் கரையில், ஜங்புராவில், ‘மதராசி கேம்ப்’ என்னும் குடிசைப் பகுதி பல பத்தாண்டுகள் இருந்தது. அங்கு வாழ்ந்தோரில் பெரும்பாலோர் நம் தமிழ் மக்கள். வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்து இந்நகரின் வாழ்வைத் தாங்கியவர்கள். கால்வாய் குறுகி வெள்ளம் தேங்குகிறது என்னும் காரணத்தால், தில்லி உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2025 ஜூன் 1ஆம் நாள் அப்பகுதி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 குடும்பங்களில் 189 மட்டுமே நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் வீடு பெறத் தகுதியுடையன என அறிவிக்கப்பட்டன.

நீருக்கு வழி விட வேண்டும் என்பதை மறுப்பார் இலர். கால்வாய் அடைபட்டால் முதலில் மூழ்குவதும் எளியவர் குடிசையே. எனினும், நீருக்கு வழி வகுப்போர், ஆங்கிருந்த மனிதருக்கும் அதே கவனத்தோடு வழி வகுத்தனரா என்று கேட்பது நம் கடமை. மக்ஹார்க்கின் தாள்களுள் ஒன்றில் அக்குடும்பங்களின் பிழைப்பிடமும், பிள்ளைகளின் பள்ளியும், அங்கிருந்து நடந்துசெல்லும் தொலைவும் வரையப்பட்டிருக்குமாயின், அத்தாளும் கருமையாகவே இருந்திருக்கும். நிலத்தைப் படித்தவர் ஒருவர் அம்மேசையில் அமர்ந்து அத்தாளையும் எடுத்து வைக்க வேண்டும். செனகாவிலும் கைர்ப்பூரிலும் கேட்கப்படாத கேள்வியை, இனிவரும் தலைமுறை முதலிலேயே கேட்டாக வேண்டும்.

நானிலமும் தில்லி நிலமும்

இவ்வளவும் கேட்டபின், ‘இவையெல்லாம் நம் முன்னோர் அன்றே கண்டவை’ என்று பெருமிதம் கொள்வது நம்மவர் இயல்பு. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வைத்தது. அந்நிலத்து மரமும் விலங்கும் பறவையும் மக்களின் தொழிலும் தெய்வமும் கருப்பொருள் என வகுத்தது. நிலம் வேறாயின் வாழ்வும் வேறாகும் என்னும் தெளிவு அதில் உண்டு. பெருமை கொள்ளத் தக்கதே. ஆயினும் அது பாட்டுக்கு இலக்கணம். சம உயரக் கோட்டுப் படம் அன்று. நிலத்தை அளந்து நீரை ஆண்ட அறிவு நம்மிடம் ஏரிக்கரைகளில் இருந்தது. எந்த மதகை எப்பொழுது திறப்பது, கலிங்கு எவ்வளவு வழியும், எவ்வயலுக்கு எத்தனை நாழிகை என்பவற்றை அறிந்தவர் நீர்க்கட்டி. அவரைப் பல ஊர்களில் நாம் சமூகத்தின் கடைப்படியில் நிறுத்தி வைத்தோம். அவர் அறிவை ஏட்டிலும் எழுதவில்லை, வகுப்பிலும் கற்பிக்கவில்லை. ஹார்வர்டு பெண்களுக்குக் கதவடைத்ததைக் குறை கூறும் நாம், இதனையும் உடன் எண்ணுதல் நேர்மையாகும்.

தில்லி நிலத்திற்கும் தனக்கெனப் பாகுபாடு உண்டு. ஆரவல்லியின் பாறை மேடு ‘கோஹி’. யமுனை ஆண்டுதோறும் வண்டல் படிவித்த கரை ‘காதர்’. அதற்கு மேலுள்ள பழைய வண்டற் சமவெளி ‘பாங்கர்’. மழைநீர் தேங்கும் தாழ்நிலம் ‘டாபர்’. சுந்தர் நர்சரியில் இந்நான்கு நிலங்களையும் அவ்வவற்றிற்குரிய மரஞ்செடிகளோடு சிறு அளவில் அமைத்துக் காட்டியுள்ளனர். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று பள்ளியில் ஒப்பிக்கும் நம் பிள்ளைகள், தாம் பிறந்து வளர்ந்த மண்ணின் இந்நான்கு பெயர்களை அறியாதிருப்பது வியப்பு. இங்குப் பிறந்த பிள்ளைக்கு யமுனையும் சொந்த ஆறே.

இக்கல்வியை நாடுவோர்க்கு வழி இன்று திறந்தே உள்ளது. தில்லிப் பள்ளியில் கட்டடக் கலையில் ஐந்தாண்டுப் பட்டம் பெற்றபின் இரண்டாண்டுகள் நில அமைப்புக் கலை பயிலலாம். அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகத்திலும், சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக் கலைப் பள்ளியிலும் இப்படிப்பு உண்டு. இத்துறையினரின் அமைப்பொன்றும் 2003 முதல் இந்தியாவில் இயங்கி வருகிறது. ஊதியம் எவ்வளவு, வேலை உறுதியா என்று நாம் கேட்போம். குடும்பம் நடத்துவோர் கேட்க வேண்டிய கேள்விகளே அவை. பூங்கா, ஆற்றங்கரை, ஏரி மீட்பு, புதுநகர் என ஒவ்வொன்றிற்கும் இப்படிப்புடையோர் தேவைப்படுகின்றனர் என்பதும், ஏழு ஆண்டுகள் பொறுத்துப் படிக்க வேண்டும் என்பதும் இரண்டும் உண்மை.

வரைவதில் கையும், மழைநீர் ஓடுவதை நின்று பார்ப்பதில் கண்ணும், பிறர் துயரைக் கேட்பதில் காதும் உடைய பிள்ளை நம் வீட்டில் இருப்பின், அதனை வேறு வழிக்குத் திருப்புமுன் ஒரு நாள் அழைத்துச் சென்று, ஹுமாயூன் கல்லறைக் கால்வாயின் அந்த ஒரு சென்டிமீட்டர்ச் சரிவையும், சற்றுத் தொலைவில் பாராபுல்லாக் கால்வாயின் இடிந்த கரையையும் காட்டுவோமாக. இரண்டையும் ஒருசேரக் கண்ட பின்னும் அப்பிள்ளை இதையே படிப்பேன் என்று சொல்லுமானால், நாம் தடை சொல்லாதிருப்போம்.